பெட்ரோல் திருடன் எழுதிய கடிதம்

பஜாரில் யார் செத்தாலும் தகவல் முதலில் போய்ச் சேரும் இடம் போஸ்ட் ஒபீஸ்தான். தந்தி அங்கிருந்துதான் போகவேண்டும். தை மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டரை ஆகியும் கதவு திறக்கவில்லை. ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற நான், "போஸ்ட் மாஸ்டர் லீவு லெட்டரைத் தபால்ல போட்டிருப்பாரு, அது இன்னும் வந்து சேரலை" என்றேன். முத்திரை வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தபால்கார மாமா குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ஓடி வந்தார். மாஸ்டருக்கு நெஞ்சுவலி, படுக்கையிலேயே முடிந்துவிட்டது என்றார். சிரித்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடுகிறோம், உனக்குத்தான் எழுத வருமே, ஒரு பக்கம் எழுது என்று ஊர்ச் சங்கத்து அண்ணன்மார் கேட்டார்கள். எனக்கு எழுத வரும் என்பது உண்மைதான். எவ்வளவு நன்றாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நடேசலிங்கம் ஐயாவை பொகவந்தலாவையில் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பன்னிரண்டு வருடமாக நமக்குப் போஸ்ட் மாஸ்டர். ஊரில் அவருக்கு அம்மா மட்டும், அந்த அம்மாவும் தனியாக. சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் ஐயா பஸ்ஸில் போய்ப் பார்த்தார். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. பஸ்ஸில் வந்தால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏற வேண்டும், அது முடியாது. கார் கொண்டுவந்தால் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அதற்காகத்தான் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன மேனேஜர் துரையிடமிருந்து அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கினார். பின்னால் டர்போ என்று எழுதியிருக்கும். ஐயா ஓட்டினால் 'டர்' மட்டும்தான் வரும், 'போ' வராது என்று நான் சொல்லப்போய், ஸ்கூல் முழுக்க அதுவே காருக்குப் பெயரானது. அவர் காதிலும் விழுந்தது. "போகும் பிள்ளை, கொஞ்சம் பொறு" என்றார்.

போகத்தான் வழியில்லை. வடக்கே பெட்ரோல் கிடைக்குமா என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. வவுனியாவில் டாங்கியை நிரப்பினால், யாழ்ப்பாணம் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்ப வவுனியா வந்துவிட வேண்டும். போகவர இருநூற்று எண்பது கிலோமீட்டர். டாங்கியில் பிடிப்பது ஐம்பது லீட்டர். கார் கொடுத்ததோ லீட்டருக்கு ஐந்து. கேனில் எடுத்துப்போனால் சாவடியில் இறக்கிவிடுவார்கள். கணக்கில் முப்பது கிலோமீட்டர் குறைந்தது. அந்த முப்பதுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார்.

ஐயா ஒவ்வொரு முறையும் டாங்கியை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதினார். நோர்வூட் மெக்கானிக் சுனில் பாஸ் காற்று ஃபில்டரை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார், நான்கு சில்லையும் ஜாக்கில் தூக்கிச் சுற்றி பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கிறதா என்று பார்த்தார். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதையும் மாற்றினார். இழுவை கொஞ்சம் கூடியது, லீட்டர் கணக்கு மாறவில்லை. அடுத்த வாரம் கொண்டு வாங்க, ரேடியேட்டர் பக்கம் பார்ப்போம் என்று பாஸ் சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த வாரத்தைத்தான் நான் கெடுத்தேன். பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வைப்பருக்கு அடியில் ஒரு கடிதம் வைத்தேன். 'மதிப்புக்குரிய ஐயா, சென்ற வாரப் பெட்ரோல் தண்ணீராக இருந்தது. தயவுசெய்து நல்ல பெட்ரோல் ஷெட்டில் அடிக்கவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள பெட்ரோல் திருடன்.' இடது கையால் எழுதினேன். படித்தால் சிரிப்பார், அடுத்த நாள் பஜாரே சிரிக்கும் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார். "வாயால சொல்லுறது காத்தோட போயிடும், எழுதினதுக்கு ஒரு ஆள் இருக்கு" என்று கவுண்டரில் அடிக்கடி சொல்லும் மனிதர் அல்லவா. காரில் பிழையில்லை, யாரோ எடுக்கிறார்கள் என்று முடிவுகட்டி, பாஸிடம் போவதை நிறுத்தினார். டாங்கிக்குப் பூட்டு மூடி வாங்கினார். காரைக் கவுண்டர் ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, முத்திரை குத்திக்குத்தி நிமிர்ந்து பார்த்தார். பூட்டிய பிறகும் அதே ஐந்துதான். திருடனிடம் சாவி இருக்கிறது என்று பூட்டை மாற்றினார். அம்மாவைக் கூட்டிவர நினைத்திருந்த சித்திரை லீவு வந்தது, போனது. நான் சொல்லியிருக்கலாம். பூட்டு மாறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அதனால் சொல்லவில்லை.

ஆடி மாதம் எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல். கொழுந்துக் காட்டில் நனைந்து நனைந்து வந்தது. பஸ் ஓடவில்லை. ஐயாதான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அம்மா நடுங்குவதைப் பார்த்து ஹீட்டரைப் போட்டார். குளிர்காற்று வந்தது. "ஐயா, இதுல ஐஸ் பழம் விக்கலாம்" என்றேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். பதினைந்து கிலோமீட்டர் ஓடியும் அது அடியிலேயே கிடந்தது.

மறுநாளே நோர்வூட் போனார். சுனில் பாஸ் ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டு திருகாணியைக் கழற்றினார். உள்ளே இஞ்சின் சூட்டைக் காக்கும் தெர்மோஸ்டட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கக் கூடாதென்று துரையின் டிரைவர் எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார். இந்தப் பக்கத்து டிரைவர்கள் செய்கிற வேலைதான். "இஞ்சின் சூடாகவே இல்ல ஐயா. எப்பவும் இப்பத்தான் எழும்பினேன்னு நெனச்சுக் கூடக் கூடக் குடிக்குது" என்றாராம் பாஸ். புதியது போட்டதும் லீட்டருக்கு ஏழரை ஓடியது.

"ஏழரை எண்டால் சனி எண்டு சனம் பயப்பிடும். எனக்கு ஏழரைதான் அம்மாவைக் கொண்டுவரப் போகுது" என்று கவுண்டரில் நின்ற எல்லாரிடமும் சொன்னார். பக்கத்து சீட்டில் அம்மாவின் இடுப்புக்கு மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டு ஆவணியில் போனார். ஆறாம் நாள் திரும்பி வந்தார். நான் தேவையில்லாத முத்திரை ஒன்று வாங்கப் போனேன். அம்மா எங்கே ஐயா என்று கேட்டேன்.

அங்கே அம்மாவின் பக்கத்து வீட்டுக்கு வைகாசியில் ஒரு குடும்பம் வந்து குடியேறியிருக்கிறது. கைக்குழந்தை. தாய் வேலைக்குப் போக, பிள்ளையை அம்மாதான் பார்க்கிறார். "சித்திரையில வந்திருந்தியெண்டால் வந்திருப்பன் ராசா. இப்ப இதை விட்டிட்டு எப்பிடி வாறது?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, டாங்கியில் கால்வாசி மிச்சம் பிள்ளை என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. "அப்ப வரும்போது காரு லேசா ஓடியிருக்கும்" என்றேன். அவர் சிரித்தார், மிச்சச் சில்லறையைத் தந்தார். அந்த மெத்தை கடைசிவரை அந்த சீட்டிலேயே இருந்தது. ஞாயிறுகளில் நல்லதண்ணி டவுன் வரை தனியாக ஓட்டிப்போய்த் திரும்பி வருவார். என்னைப் பார்த்தால் ஹோர்ன் அடிப்பார். நான் கையைத் தூக்குவேன். பிறகு யாருக்கும் கடிதம் வைக்கவில்லை. கூட்டாளிகள் ஏன் இப்போதெல்லாம் குறும்பு குறைந்துவிட்டது என்று கேட்டார்கள். அவர்களிடமும் சொல்லவில்லை.

ஐயாவின் பெட்டியை வேனில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். இந்த மலரில் ஒரு பிரதி அங்கே அவருடைய அம்மாவுக்கும் போகும் என்று சங்கத்தில் சொன்னார்கள். அதனால் இதை எழுதினேன்.

அம்மா, நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் வரத் தாமதித்தவர் இல்லை, நான்தான் தாமதிக்க வைத்தேன். இங்கே அவரை நினைத்து ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். தபால்கார மாமாவிடம் அவருடைய குடை இருக்கிறது. என்னிடம் இருப்பது பங்குனியிலிருந்து ஆடிவரைக்கும் நான்கு மாதம். அது உங்கள் இரண்டு பேருடையதும்.