கயிற்றின் கடைசி ஆள்

பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குச் சின்ன வயதில் 'நங்கூரம்' என்று பெயர். கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பார். மற்ற நாளெல்லாம் குண்டு, பூசணி என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட பையன்கள், போட்டி வந்தால் மட்டும் தோளில் கைபோட்டு நடப்பார்கள். "எடை குறைஞ்சிடாம பாத்துக்கடா" என்று ஆளுக்கொரு பன் வாங்கித் தருவார்கள். மரியாதை பன் வடிவில் வந்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்? அவரும் வாங்கித் தின்றார்.

கோப்பை பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டது. உடம்பு மட்டும் இவரோடு வந்துவிட்டது. போன வருடம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தார். நாற்பதுகூட ஆகவில்லை.

"இந்த உடம்பு எப்ப இருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"ஸ்கூல்ல இருந்தே சார்."

"அப்ப இருந்தே உங்க இதயம் பாரம் சுமக்குது."

கூட இழுத்த ஒல்லிக்குச்சிகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதை நினைத்தால் அவருக்கு வயிறு எரியும்.

அந்த ஒல்லிக்குச்சிகளில் ஒருவன்தான் இப்போது அவர் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மகளுக்கு அப்படியே அப்பாவின் உடம்பு. ஒருநாள் அவள் வாயெல்லாம் பல்லாக வேனில் ஏறினாள். கயிறு இழுக்கும் அணியில் அவள்தான் கடைசி ஆளாம்.

"சார் நல்லா சாப்பிடச் சொன்னாருப்பா. ஃபைனல் வரைக்கும் மெலியக் கூடாதாம்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் நேரே மைதானத்துக்குப் போனார்.

"என் பொண்ண விட்டுரு."

"டேய் நங்கூரம், ஃபைனல் மட்டும் முடியட்டும்டா."

"போன வருஷம் நானே முடிஞ்சு போயிருப்பேன். நீ எட்டிக்கூடப் பாக்கல."

வாத்தியார் அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார். மகளைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் அப்பாவுக்கு அன்றைக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் வேனில் ஒரு பையன் பழையபடி, "குண்டு, தள்ளி உக்காரு" என்றான். அவள் கயிறு பிடித்த நாட்களில் அந்த வார்த்தை வேனில் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் இறங்கிய பிறகு கண்ணாடியில் பார்த்தார். மகள் பைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பா உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

"தெரியும்ப்பா," என்றாள் மென்றுகொண்டே. "ஆனா அங்க மட்டும்தான் நான் வேணும்னு சொன்னாங்க."