அறுபத்துமூன்றாம் அடுப்பு

தாராவியில் எங்கள் தெருப் பொங்கல் இந்த வருடம் ரோட்டில் கிடையாது என்ற செய்தி தெருக்காரர்களின் போன் குழுவில் குரல்பதிவாக வந்தது. மார்கழி பாதி கழிந்திருந்தது. செம்பூரில் என் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். ரோட்டை அடைத்து அடுப்பு மூட்ட இனி அனுமதி இல்லையாம். வடாலாவில் ஒரு மைதானம் பிடித்திருக்கிறார்களாம். ஆளுக்கொரு கேஸ் அடுப்பு, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பானை, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள நம்பர் போட்ட பட்டை. மேடையில் விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் மைக்கில் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அந்த நொடியில் அத்தனை பேரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மேலே டிரோன் சுற்றிப் படம் எடுக்கும்.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே குழுவில் பதில் எழுதினேன். புகையில்லாத பொங்கலுக்கு நான் வரவில்லை. நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். கோபத்துக்குக் கிடைத்த கட்டைவிரல்கள் எனக்கு இனித்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ரோட்டை நான் எப்படிச் சொல்ல? தை முதல் நாள் காலையில் வண்டிகள் நிற்கும். பிள்ளையார் கோயிலிலிருந்து நாக்கா என்கிற நாற்சந்தி வரைக்கும் மும்மூன்று செங்கலாக அடுப்புகள். எங்கள் பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து வரும் ரயிலில் பனையோலைக் கட்டு ஏற்றிவரச் சொல்லியிருப்பார்கள். முதல் அடுப்புக்குக் கோயில் விளக்கிலிருந்து நெருப்பு வரும். அதற்கப்புறம் தீப்பெட்டிக்கு வேலையில்லை. இடப்பக்கத்துக்காரி அடுப்பில் உன் ஓலையை நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு உன் அடுப்பை மூட்ட வேண்டும். பிறகு உன் வலப்பக்கத்துக்காரி தன் ஓலையோடு உன்னிடம் வருவாள். அப்படியே கைமாறிக் கைமாறி, ஒரு வீட்டு விசேஷத்தைப் பக்கத்து வீட்டில் சொல்வது போல, நெருப்பு ரோட்டில் நடந்துபோகும். புகையில் எல்லாருக்கும் கண் வடியும். எதற்காக அழுகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லாத ஒரு காலை அது. கல்யாணமாகி செம்பூருக்கு வந்தபின்னும் ஒரு வருடம் தவிர ஒரு வருடமும் நான் அதைத் தவறவிட்டதில்லை. தவறவிட்டது அண்ணன் இறந்த வருடம்.

பதில் எழுதிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தாள். அண்ணன் மனைவி. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைக்கிறவள். அவளுக்கு லீவு என்றால் தூங்குவாள், செம்பூருக்கு வரமாட்டாள். அன்று தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பஸ் மாறி வந்திருந்தாள். என் பதிலைப் பட்டறையில் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, தன் பெயரையும் என் பெயரையும் மைதானத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த மிஷினில் உட்கார்கிற மாஸ்டர்தான் போனில் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தாராம். இந்தியில் அவர் கேட்கக் கேட்க இவள் தமிழில் சொன்னாளாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. என்னைக் கேட்காமல் எதற்கு என்றேன். கேஸ் அடுப்பில் வைக்க மைதானம் எதற்கு, அதை என் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்றேன். டிரோனைப் பற்றி ஒரு கிண்டல் சொன்னேன். மதினி தம்ளரை விரலால் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல வச்ச மாதிரி வருமா மதினி?"

"ரோட்டுல நீதானளா வச்ச. நான் எங்க வச்சேன்?"

குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிறகு, இன்னொரு வீட்டுக் கதை போல, சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"அந்த ஃபார்ம்ல வயசு கேட்டான். எந்தக் கல்லி, எந்தச் சந்துன்னு கேட்டான். ரத்தம் என்ன குரூப்புன்னுகூடக் கேக்கான். புருசன் இருக்கானான்னு மட்டும் கேக்கவே இல்ல பாத்துக்க."

நான் எழுந்து தம்ளரைக் கழுவப் போனேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

அண்ணன் போய் ஒரு வருடத் துக்கம் கழிந்த பிறகு வந்த தையில், மதினி ரோட்டில் எங்கள் அடுப்புக்கு இடப்பக்கம் தன் மூன்று செங்கலை வைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நெருப்பு வரிசையில் வந்தது, அவள் தன் ஓலையைப் பற்றவைத்துத் தன் அடுப்பை மூட்டினாள். அடுத்தது நான். அவளிடமிருந்து நான் எடுக்க வேண்டும். ஓலையோடு குனிந்தேன். பின்னால் நின்ற அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "அங்கன எடு" என்று மட்டும் சொன்னாள். எதிர் வரிசையில் ஒரு சுமங்கலியின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து, ரோட்டைக் கடந்து போய், அங்கே எடுத்துவந்தேன். போக ஆறு தப்படி, வர ஆறு தப்படி. திரும்பி வரும்போது பார்த்தேன். எனக்குக் கொடுப்பதற்காக மதினி தன் அடுப்பிலிருந்து ஓர் ஓலையை ஏற்கெனவே எடுத்து நீட்டிப் பிடித்திருந்தாள். அது விரல் வரைக்கும் எரிந்து வந்ததும் தன் அடுப்பிலேயே போட்டுக்கொண்டாள்.

அடுத்த தைக்குப் பட்டறையில் அவசர ஆர்டர் என்றாள். அதற்கடுத்த வருடத்திலிருந்து வந்தாள், ஆனால் செங்கல் வைக்கவில்லை. என் பின்னால் நின்று ஏலக்காய் தட்டித் தந்தாள், முந்திரி உடைத்துத் தந்தாள், புகை அடித்தபோது என் முகத்துக்கு அட்டையால் விசிறினாள். பத்து வருடம். அவளை யாரும் தடுக்கவில்லை என்றுதான் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், யாரும் தடுக்கவில்லை. நான் ரோட்டைக் கடந்தேன், அவ்வளவுதான்.

அம்மா இப்போது இல்லை. பழியை அவள்மேல் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொள்ளலாம். ஆனால் அன்று எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா தொட்டது என் முழங்கையை, என் கால்களை அல்ல. அந்தக் கைமாறும் நெருப்பைப் பற்றிக் குழுவில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதியதில் எங்கேயும் மதினி இல்லை.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் அதற்குள் கரும்பு வந்து இறங்கியிருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "மதினி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது மறக்கலளா. அதுக்காக ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் போயிப் பொங்கவா?" என்றாள். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள். "அறுவத்திரெண்டு நான், அறுவத்துமூணு நீ. வந்தா வா."

அதற்கப்புறம் இருந்த பத்து நாளும் நான் சமாதானமாக இல்லை. போவது என்றால் ரோட்டை விட்டுக்கொடுத்தது போல. போகாவிட்டால் இன்னொரு முறை ரோட்டைக் கடந்தது போல. ஒருநாள் ஆபீசிலிருந்து சயானில் இறங்கி, நடந்து, அந்த ரோட்டுக்கே போய்ப் பார்த்தேன். தகரத் தடுப்பு, டெம்போ, தோல் வாசனை, ஹாரன். நெருப்பு நடந்துபோன தடம் எதுவும் இல்லை. எங்கள் அடுப்பு இருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. அவளுடைய இடத்தை நான் தேடவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். ரோட்டுக்காக நான் வருத்தப்படுவது நிஜம். ஆனால் அந்த வருத்தத்துக்குத் துணையாக மதினி ஏன் இன்னொரு வருடம் என் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும்? குழுவில் எழுதிய பதிலுக்குக் கீழே, அறுபத்துமூன்று என்னுடையது, வருகிறேன் என்று போட்டேன். அதற்குக் கட்டைவிரல் குறைவாகத்தான் வந்தது.

மைதானம் நான் பயந்த மாதிரியேதான் இருந்தது. காலிலெல்லாம் செம்மண் தூசி. ஸ்பீக்கரில் மூன்று மொழியில் அறிவிப்பு. விருந்தாளி முக்கால் மணி நேரம் பிந்தினார். தெரு பார்த்து வரிசை போடாமல் நம்பர் பார்த்துப் போட்டிருந்ததால் தெருக்காரர்கள் சிதறிக் கிடந்தார்கள். எனக்கு அடுத்து யாருமில்லை, கயிறு கட்டியிருந்தது. மதினிக்கு மறுபக்கம், அறுபத்தொன்றில், சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண். புதிதாகக் கல்யாணமானவள் போல. இந்தியும் தமிழும் கலந்து தொணதொணவென்று பேசினாள். இதற்குமுன் பொங்கல் வைத்ததே இல்லையாம், அவள் வீட்டில் குக்கர்தானாம்.

எண்ணி முடித்தார்கள். நூறு லைட்டர் ஒன்றாக டிக் டிக்கென்று அடித்துக்கொண்டன. நீல நெருப்பு. எனக்கு ஓலைப் புகை வேண்டும் போல மூக்கு தவித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மதினி பானைக் கழுத்தில் மஞ்சள் குலையைக் கட்டி, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். ஜிப் வைக்கிற கை. பிறகு இடுப்பில் கைவைத்துத் தன் அடுப்பின் முன்னால் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்து எத்தனை காலமாயிற்று.

முதலில் பொங்கியது அறுபத்தொன்று. அந்தப் பெண் பதறிப்போய்க் கரண்டியைத் தேடினாள். பால் பொங்கும்போது குலவை போட வேண்டுமென்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம், இவளுக்கு நாக்கு சுழலாதாம்.

"அக்கா, எனக்கு வரல. நீங்க ஒண்ணு போட்டு விடுங்க."

மதினி அசையவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் புருசன் இல்லம்மா."

"அதுக்கென்னக்கா, பாலு வழியுது."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடுதான் வாயைக் குவித்தாள், அதனால் முதல் குலவை பாதியில் உடைந்தது. இரண்டாவது உடையவில்லை. நீளமாகப் போனது, ஸ்பீக்கருக்கு மேலே, டிரோனின் இரைச்சலுக்கு மேலே. முன்வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். மதினியும் அவர்களைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே மூன்றாவதையும் போட்டாள். அதற்குள் அவள் பானையும் பொங்கி வழிந்து பர்னரை அணைத்துவிட்டது. தன் பானைக்கும் அவளே குலவை போட்டுக்கொண்டு, அடுப்பைத் துடைத்து, லைட்டரை அடித்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்த இரண்டு பெண்களும் இன்னும் திரும்பியபடிதான் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"மதினி, எனக்கும் நீங்கதான் போடணும்."

அவள் எட்டி என் பானைக்குள் பார்த்தாள். பால் அசையாமல் அப்படியே கிடந்தது, ஓரத்தில் ஒரு நுரைகூட இல்லை.

"மொதல்ல பொங்கட்டும்ளா" என்றாள்.