சாயத்தண்ணி

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், கொழும்பில் என் இதயத்துக்குப் பன்றியின் வால்வைத் தைத்தார்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு எங்கே போவது?

சில வருஷத்திலேயே மறுபடி மூச்சு வாங்கியது. வால்வில் கால்சியம் படிந்து இறுகுகிறது என்றார் டாக்டர். பாலில் கால்சியம் இருப்பது என் கணவருக்குத் தெரியும். மறுநாளே கறவை மாட்டை விற்றுவிட்டார். முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடும் நின்றது. லயத்து வரிசை வீடுகள் எல்லாமே என் வாய்க்குக் காவல் இருந்தன. காலையும் மாலையும் பாலில்லாத வெறும் தேத்தண்ணி, சாயத்தண்ணி. எனக்கு வெறுத்துப்போனது.

அடுத்த முறை தனியாகப் போய் டாக்டரிடம் சண்டைக்கு நின்றேன்.

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா," என்றார். வால்வு அழுகாமலிருக்க ஊறவைத்த மருந்தாலேயே அது இரத்தத்திலிருந்து கால்சியத்தை இழுக்கிறதாம். இள வயதில் இன்னும் வேகமாக. அதைத் தடுக்க வெளிநாட்டில் ஆராய்கிறார்கள். ஆனால் எதுவானாலும் வால்வைத் தைப்பதற்கு முன்பே செய்தாக வேண்டுமாம்.

"தச்சவங்களுக்கு?" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

வீட்டு வாசலில், வெறும் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், கணவர் சாயத்தண்ணியோடு நின்றிருந்தார்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாலு ஆகவே ஆகாதாங்க."

"பாத்தியா, மாட்ட வித்தது நல்லதாப் போச்சு!" நிம்மதியாகச் சிரித்தார்.

கோப்பையை வாங்கிக் குடித்தேன். அன்றோடு, பாலுக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன்.