ஆயில் குடிக்கிற வண்டி

எங்கள் கார் ஆயில் குடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் மாமனார். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிறவர். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் காரின் முன்மூடியைத் திறந்து, ஆயில் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் கம்பியில் இருக்கிற மேல்கோடு வரைக்கும் ஊற்றுவார். கார் ஓட்டுவது நான். திருச்சுழியில் அலுவலக வேலை, தினமும் போய் வருகிறேன்.

"இன்னைக்கும் இறங்கிருச்சுத்தா. நீ என்ன மிதி மிதிக்கிறியோ!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ரோட்டில் மிதிக்க வழி எங்கே இருக்கிறது? ஆட்டு மந்தைக்கு நின்று, பஸ்ஸுக்கு ஒதுங்கி, உருட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் சைலன்சர் எனக்குச் சாதகமாக இல்லை, நீலப் புகையாகக் கக்கியது. அலுவலகத்தில், "கொசு மருந்து வண்டி வந்துருச்சு, ஜன்னலைச் சாத்துங்கப்பா" என்று கேலி. நானும் சிரித்து வைத்தேன்.

மெக்கானிக் புகையைப் பார்த்த மாத்திரத்தில், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். அன்று சாப்பிடும்போது மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பிரிச்ச இன்ஜின் வீட்டுக்கு ஆகாது. வந்த விலைக்குத் தள்ளிருவோம். திருச்சுழிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? பழையபடி போயிட்டு வரட்டும்." என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பழையபடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விடிவதற்குள் சமைத்துவிட்டு ஓட வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் நசுங்கி, வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். கார் வந்த பிறகுதான் சாயங்காலம் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு நாள் காலையில் மாமா வழக்கம்போல் மேல்கோடு வரை ஊற்றியிருந்தார். இத்தனை தூரத்தில் அப்படி என்னதான் குடித்துவிட்டது, பார்த்துவிடுவோம் என்று மதியம் அலுவலக வளாகத்தில் நானே கம்பியை உருவினேன். மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அட, குறைய வேண்டியது கூடியிருக்கிறதே! மறுநாள் காலை மாமாவுக்கு முந்திக்கொண்டு வீட்டு வாசலில் பார்த்தேன். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அப்போதுதான் கார் நிற்கிற இடத்தைக் கவனித்தேன்.

எங்கள் வீடு ரோட்டைவிட உயரம். வாசலில் சிமெண்டுச் சரிவு. கார் அதில் ஏறி வீட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. வியாபாரி வீட்டு வாசலில் வண்டி வெளியே கிளம்புகிற மாதிரி நிற்கக் கூடாதாம், சரக்கு உள்ளே வருகிற மாதிரி நிற்க வேண்டுமாம். வண்டியின் முகம் மேட்டில், பின்புறம் பள்ளத்தில். ஆயில் பின்னால் ஓடிவிடுகிறது, கம்பியோ முன்னால் இறங்குகிறது. அது குறைவாகத்தானே காட்டும்? அலுவலகத்தில் தரை சமம், அங்கே உள்ளதைக் காட்டிவிட்டது. குறைவு என்று ஊற்றினார். அதிகமானது இன்ஜினுக்குள் நுரைத்து, காற்றுக் குழாய் வழியாக ஏறி, எரிந்து புகையாகப் போனது. போனதற்கு மறுபடி ஊற்றினார்.

மெக்கானிக்கிடம் போய் விவரம் சொன்னேன். அவர் அதிகப்படியை வடித்துவிட்டு ஏர் பில்டரைக் கழற்றினார். ஆயிலில் ஊறிக் கிடந்தது. "ஏக்கா, வடைச் சட்டிக்கு ஊத்துற மாதிரில்ல ஊத்தி வச்சிருக்கீக! யாரு பாத்த வேலை?" என்றார். புது பில்டர் என்ன விலை என்று கேட்டேன். குழாயைச் சுத்தம் செய்து, பில்டரை மாற்றிக் கொடுத்தார். "ஒரு மாசத்துக்கு யாரும் ஊத்தாதீக. குறைஞ்சா ரிங்கு போச்சு, குறையலைன்னா வண்டி பிழைச்சுக்கிச்சு."

அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர்களின் காலி மனையில், சமதளத்தில் நிறுத்தினேன். வண்டியின் முகம் எங்கள் வீட்டைப் பார்த்தே இருந்ததால் மாமாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் யாரும் ஆயில் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நடுவழியில நின்னு போச்சுன்னா என்னையத் தேடாதே" என்றார்.

வண்டி நிற்கவில்லை. கொஞ்ச நாளில் புகை ஓய்ந்தது. மாதக் கடைசியில் பார்த்தபோது ஆயில் விட்ட இடத்திலேயே இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சரிவைப் பற்றியும் சொன்னேன். ஊற்றியது யார் என்று தனியாகச் சொல்ல அவசியப்படவில்லை. மாமா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லையேத்தா! புகை நின்னுருச்சுன்னா இனி நல்ல விலை கேக்கலாம். புரோக்கரை வரச் சொல்றேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன். இத்தனை நாளும் புகை வெறும் சாக்குத்தானா? "விக்கலை மாமா. என் சம்பளத்துல வாங்குன வண்டி. நான்தான் ஓட்டுவேன்" என்றேன். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

மாமா கை கழுவப் போனவர், பாதி வழியில் திரும்பினார்.

"அப்ப காலையில நான் ஆயில் பாக்க வேண்டியதில்லையாத்தா?"

"வேண்டாம் மாமா."

"ஊத்த மாட்டேன். சும்மா பாக்கத்தான்."

அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.