புளிசாதக் குண்டாவில் வானம்

நாலு மாதமாக என் மனைவி வானத்தைப் பார்க்கவில்லை. காதுக்குள் ஏதோ நிலை தப்பிவிட்டதாம். தலையை நிமிர்த்தினால் நாங்கள் குடியிருக்கும் ஔந்த் பேட்டை முழுக்கச் சுற்றும், எதிர் அடுக்குமாடி சுற்றும், நானும் சேர்ந்து சுற்றுவேனாம். நடக்கலாம், சமைக்கலாம், சிரிக்கலாம், மேலே மட்டும் பார்க்கக் கூடாது. விமானச் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்கு ஓடுகிறவள் அவள். இப்போது சத்தம் கடந்து போகும்வரை கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளைத்தான் விமானப் பந்தயத்துக்கு அழைத்துப் போனோம். ஊருக்கு வெளியே, தளேகாவைத் தாண்டி ஒரு வெட்டவெளி. ஆள் ஏறும் விமானங்கள் இல்லை; கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுபவை, இரண்டு கையையும் விரித்த அகலம். கம்பங்களைச் சுற்றிப் பந்தயம், பிறகு சாகசம். நாலு தமிழ்க் குடும்பங்கள், ஒரு டெம்போ டிராவலர். ஏற்பாடெல்லாம், பக்கத்துப் பேட்டையான சாங்வியில் இருக்கும் சாங்வி அக்கா. பிறந்ததே இந்த மராத்தி மண்ணில்தான், பேச்சில் மட்டும் இன்னும் ஆற்காடு.

“ஊட்லயே குந்திக்கினு இருந்தா சரியாப் பூடுமா? கூட்டினு வா அவள,” என்று போனில் என்னை அதட்டியிருந்தாள்.

வண்டியில் என் மனைவி காதோடு சொன்னாள்: “இந்த ஒருவாட்டி வர்றனுங்க. அங்க போயும் தலை சுத்துச்சுன்னா, அப்புறம் என்னைய எங்கியும் கூப்புடாதீங்க.”

கோயமுத்தூர்க்காரி. சொன்னால் சொன்னதுதான். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் பயந்தேன்.

பதினொன்றரைக்கே புளிசாதம் காலி. பந்தயம் தொடங்கியதும் மைதானத்தில் எல்லாக் கழுத்தும் ஒன்றாய் நிமிர்ந்தன. இவள் மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, புல்லையும் பிறர் செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் வண்டு வண்டாய்ச் சத்தம்.

“எது முன்னாடிங்க?”

“மஞ்சள்.”

“இப்ப?”

“மஞ்சள்தான். இல்லை, சிவப்பு. இரு, திரும்புது.”

“நீங்க சொன்னா பந்தயமாட்ட இல்லீங்க, ரேஷன் கியூவாட்ட இருக்குது.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பின் கடைசி நுனி கொஞ்சம் நனைந்திருந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். காலியான புளிசாதக் குண்டாவைத் தூக்கி வந்து, பாட்டில் தண்ணீரை அதில் கவிழ்த்தாள். “கிரகணம் எப்பிடிப் பாப்போம்? மஞ்சத்தண்ணில தான? குனிஞ்சிதான பாப்போம்? இதையும் அப்பிடிப் பாரு.”

“அரே, கழுவிட்டாவது குடு,” என்றார் அவள் கணவர்.

“மஞ்சளுக்கு நான் எங்க போவேன்? அதான் அடில ஒட்டினுகீதே. நீ சும்மா இரு.”

குண்டா என் மனைவியின் மடியில் அமர்ந்தது. நல்லெண்ணெய் வட்டம் வட்டமாய் மிதந்தது, ஒரு காய்ந்த மிளகாய் கரை ஒதுங்கியது. காற்று தொட்டு வானம் உடைந்தது, கூடியது, மறுபடி உடைந்தது. பிறகு அசையாமல் ஒரு மேகம் வந்து நின்றது. அதன் ஓரத்தில் ஒரு புள்ளி.

“அது கடுகு,” என்றேன்.

“கடுகு திரும்புமுங்களா?”

திரும்பியது. சாய்ந்து, மிளகாயைச் சுற்றி வளைந்து, எண்ணெயின் வானவில்லுக்குள் நுழைந்து வெளியே வந்தது.

“சிவப்பு! சிவப்பு உள்ள வெட்டுதுங்க!” என்று கத்தினாள். நாலு மாதமாக நான் கேட்காத குரல். பக்கத்தில் நின்ற மராத்திக் குடும்பம் ஒன்று வானத்தை விட்டுவிட்டுக் குண்டாவை எட்டிப் பார்த்தது. எங்கள் ஆட்களும் குனிய, வானம் முழுக்கத் தலைகளாகிவிட்டது.

“தள்ளுங்கய்யா, மேலதான் அவ்ளோ பெருசா தொறந்து வெச்சிருக்கே, அதப் பாருங்க,” என்று அக்கா விரட்டினாள்.

சாகசம் முழுவதையும் என் மனைவி அப்படியே பார்த்தாள். குட்டிக்கரணங்கள், தலைகீழ் ஓட்டம், புகை விட்டு வரைந்த கோணல் வட்டம், எல்லாம் மடியில். கடைசியில் விமானங்கள் ஒவ்வொன்றாய் இறங்கத் தொடங்கின. சிவப்பு விமானம் குண்டாவின் விளிம்புவரை வந்தது, காணாமல் போனது.

அவள் முகத்தைத் தூக்கினாள். மேலே இல்லை, நேராக. விமானம் அவள் கண் மட்டத்துக்கே வந்துகொண்டிருந்தது. புல்லைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது. என் மணிக்கட்டை அவள் இறுக்கிய இறுக்கில் எனக்குத்தான் தலை சுற்றியது.

“சுத்துதா?” என்றேன்.

“பேசாம இருங்க,” என்றாள். “மஞ்ச வருது.”