சத்தம் வராத போன்

எங்கள் டிவியின் முதுகில் பெருவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டை செருகியிருந்தது. மருமகன் வாங்கி வந்தது. போனில் எதைப் போட்டாலும் அது வைஃபை வழியாக டிவியில் பெரிதாகத் தெரியும்; சத்தமும் போனை விட்டு டிவிக்குப் போய்விடும். கிரிக்கெட் பார்க்கவென்று வாங்கினான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் கொண்டுவந்த எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என் மகளை அடித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தோடு அதை மகள் பெயருக்கு எழுதிவிட்டு, நானும் மனைவியும் பின்வளவில் ஒற்றை அறை போட்டு ஒதுங்கினோம். மாப்பிள்ளை வந்து குடியேறினான். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே பதினான்கு அடி இடைவெளி. அதைத் தாண்டி எல்லாம் கேட்கும். அவள் முதுகு அலுமாரியில் மோதும். உள்ளே உடுப்புக் கம்பிகள் ஆடும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தைத்தான் நான் எண்ணுவேன். ஒருதரம் இருநூற்றுப் பத்து எண்ணிய பிறகுதான் அவள் இருமினாள்.

கேட்டால் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வாள். கிணற்றடிச் சீமெந்தைக் கொத்தி, இரண்டு முறை சொரசொரப்பாகப் போட்டுக் கொடுத்தேன். பிறகும் வழுக்கி விழுந்தாள்.

வீட்டைத் தன் பெயருக்கு மாற்றி எழுதச் சொல்லி அடிக்கிறான் என்பதைத் தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள். எழுதிக் கொடுத்தால் நாங்கள் மூன்று பேரும் வாவிக் கரையில்தான் போய் நிற்க வேண்டும். எழுதாவிட்டால் ஒருநாள் அவளைக் கொன்றுவிடுவான் என்று நான் பயந்தேன்.

அன்று பகல் முன்வீட்டில் அவனோடு நானும் இருந்தேன், டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்ததும் அவன் போனையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு கேட்டடிக்குப் போனான். இணைப்பை நிறுத்த மறந்துவிட்டான். டிவியில் மைதானம் மறைந்து அவனுக்கு வந்த செய்திகள் வரிசையாக மேலும் கீழும் ஓடின. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். பிறருக்கு வந்த கடித உறையை ஒருநாளும் பிரித்ததில்லை. டிவியை நிறுத்த எழும்பினேன். அதற்குள் அவன் தன் அக்கா அனுப்பியிருந்த குரல் செய்தியை அமத்தி ஓடவிட்டான்.

"முகத்தில அடிக்காத, ஆக்கள் கண்டாக் கதைப்பாங்க. முதுகில குடு. ரெண்டு நாளைக்குச் சோறு போடாம அறைக்குள்ள வெச்சுப் பூட்டு. கையெழுத்துத் தன்னால வரும்."

மீனுக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்று சொல்லும் குரல் அது. மகள் தேத்தண்ணீர்த் தட்டோடு நடுவில் நின்றாள். யன்னலால் பார்த்தேன். கேட்டடியில் அவன் போனைக் காதில் வைத்தான், உதறினான், மறுபடி காதில் வைத்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப அமத்தினான். டிவி திரும்பவும் சொன்னது. போனில் சத்தத்தைக் கூட்டினான். டிவியில் சத்தக் கோடு நுனி வரைக்கும் ஏறியது. மூன்றாம் தரம் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. வேலிக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன.

அவன் போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"மாமா, என்ட போன்ல ஸ்பீக்கர் பழுதாப் போச்சு போல."

அவன் டிவியைப் பார்த்தான். அக்காவின் படம் அதில் இருந்தது. பிறகு மகளைப் பார்த்தான்.

"நீதானே இதச் செஞ்ச?"

போன் இருந்த கையாலேயே அவள் முகத்தில் குத்தினான். தட்டு விழுந்து நான்கு கிளாசும் உடைந்தன. மூன்று வருடம் அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறேன். கிட்ட நின்று கேட்டால் அது சின்னச் சத்தம், ஈரத் துணியை உதறுவது போல. அவன் சட்டையைப் பிடித்தேன். ஒரு கையால் என்னை எறிந்தான். மேசையோடு டிவியும் என்மேல் சரிந்தது. தலையில் ஏழு தையல் போட்டார்கள், அது பிறகு.

நிலத்தில் கிடந்த எனக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. அவனுடைய கால்கள் அறைப் பக்கம் போயின. மகளின் கால்கள் பின்னால் இழுபட்டன. தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று விளங்கியது. உடைந்த கிளாசுத் துண்டுகள் அவள் குதிகாலில் ஏறின. பிறகு குசினியிலிருந்து என் மனைவியின் கால்கள் வந்தன. அவசரமில்லாமல் வந்தன.

அவள் கையில் உலக்கை இருந்தது. ஐம்பது வருடம் மா இடித்த கை. முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது. இரண்டாவதும் அதே முழங்காலில். பச்சைத் தென்னமட்டை முறிவது போல ஏதோ முறிந்தது. அவன் என் பக்கத்தில் வந்து விழுந்தான். மனைவி மூன்றாவது தரம் ஓங்கினாள், இந்த முறை தலைக்கு. மகள் உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அம்மா. செத்துப்போயிருவார்."

"செத்தா என்ன மகள்?" என்று மனைவி கேட்டாள். உண்மையாகவே கேட்டாள், பதில் வேண்டும் என்பது போல.

அந்த இரண்டு அடிக்காக அவள்மேல் வழக்கு இருக்கிறது. ஆறு தவணை போய்விட்டது. எனக்கு நித்திரை இல்லை, அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பொலிசுக்குப் போவேன், எல்லாரையும் உள்ளே போடுவேன் என்றான். நான் துவாயால் தலையை அமுக்கியபடி வாசற்படி வரை அரக்கி வந்து உட்கார்ந்தேன். வேலிக்கு மேலே தலைகள் ஏழாகியிருந்தன. ஒரு தலைகூட உள்ளே வரவில்லை. மகள் தானே சந்திக்கு நடந்துபோய் ஓட்டோ கூட்டி வந்தாள். ஓட்டோக்காரரும் அவளும் அவனைத் தூக்கி ஏற்றினார்கள். அவனுடைய செருப்பையும் போனையும் அவள் அவன் மடியில் வைத்தாள். போனின் கண்ணாடி வெடித்திருந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குத்தானே தங்கச்சி?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

அவள் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள்.

"இல்ல. அவர்ட அக்காட வீட்ட கொண்டுபோய் இறக்குங்க. சொல்லிக் குடுத்தவ பாக்கட்டும்."

ஓட்டோ சந்தியில் திரும்பும்வரை நின்று பார்த்தாள். கேட்டை இழுத்துப் பூட்டினாள். பிறகுதான் என்னிடம் வந்து, எழும்ப ஏலுமா அப்பா என்று கேட்டாள்.