அண்ணன் பேரில் வைத்த பெருவிரல்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஓலை படிக்கிறவர். அண்ணி. அண்ணியின் அப்பா, மதுராந்தகத்திலிருந்து வந்தவர், எனக்கு மாமா முறை. நான். அண்ணன் இல்லை. அவனுக்காகத்தான் போயிருந்தோம்.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துப் பூக்கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. ஓலைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வருஷத்தில் ஒரு மாதம் சுவடிக் கட்டுகளோடு வந்து அங்கே தங்குவார். பெருவிரல் ரேகையைப் பார்த்து அந்த ரேகைக்காரனுடைய ஏட்டைத் தேடி எடுப்பார். ரிஷிகள் எழுதி வைத்தது என்றார்கள். யார் பிறப்பான், யார் தேடி வருவான் என்று முன்னாலேயே எப்படித் தெரிந்து எழுதினார்கள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை.

அண்ணன் கால்வாய்ப் படகில் வேலை செய்தான். மகாபலிபுரத்துப் பக்கமிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பட்டணம் போவார்கள். ஒரு தடவை படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. கூடப் போன மூன்று பேரைக் கேட்டேன். சாப்பிடப் போனான் என்றார் ஒருவர். குளிக்க இறங்கினான் என்றார் இன்னொருவர். விடிந்து பார்த்தால் படுத்த இடத்தில் துண்டுதான் இருந்தது என்றார் மூன்றாமவர். பட்டணம் போய்த் தேடினேன். ஆஸ்பத்திரியில் பார்த்தேன். போலீசில் சொன்னேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருஷம் போயிற்று.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. இருபது வயதுதான் இருக்கும். எங்கள் பக்கம் புருஷன் செத்தால் தாலி அறுத்து வேறு இடத்தில் கட்டிக் கொடுப்பது உண்டு. அவள் அப்பா ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். சொந்த வண்டி, ஏரிக்கரையில் வீடு. ஆனால் புருஷன் செத்தானா என்று தெரியாமல் தாலியை எப்படி எடுப்பது? அதற்குத்தான் ஓலை.

அறைக்கு வெளியே காத்திருக்கும்போது மாமா அண்ணியிடம் சொன்னார்.

“த பாரும்மா. ஆளு இருக்கான்னு வந்தா நீ இங்கியே இரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னு வந்தா இன்னிக்கே என்னோட பஸ் ஏறிடணும்.”

“ஏறி?”

“ஏறி இன்னா? நல்ல வூடு. ரெட்ட மாட்டு வண்டி.”

“மூணு புள்ள, ரெண்டு மாடு, ஒரு கெயவன். எல்லாத்துக்கும் நான் தண்ணி காட்டணும்.”

“கெயவனா? என்னவிட ஆறு வயசு சின்னவன்டி!”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

ஓலைக்காரர் உடனே கூப்பிடவில்லை. மத்தியானம் மலைமேல் தினமும் வரும் இரண்டு கழுகும் வந்து கோயில் சோறு தின்றுவிட்டுப் போன பிறகுதான் சுவடிக் கட்டை அவிழ்ப்பேன் என்றார். மேலேயிருந்து இறங்கியவர்களை மாமா கேட்டார். ரெண்டும் வந்தது என்றார் ஒருவர். ஒன்றுதான் என்றாள் ஓர் அம்மாள். அதிலேயே ஆரம்பித்துவிட்டது குழப்பம்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆள் இல்லாதபோது அவன் எங்காவது வைத்த கைநாட்டு இருந்தாலும் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். எங்கள் வீட்டுமனைப் பத்திரம். அதைத்தான் கொண்டுவந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வலக்கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா செத்த பிறகு சித்தப்பாவோடு மனையைப் பிரித்து எழுதிய பத்திரம் அது. எழுதின அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. எழுதுகிறவருக்கு அவசரம். “ரெண்டு கையும் ஒண்ணாவா இருக்கும்? உன் பேருக்கு இந்தக் கைய வெய்யி. அவன் பேருக்கு அந்தக் கைய வெய்யி” என்றார். என் பேருக்கு இடது பெருவிரலை வைத்தேன். அண்ணன் பேருக்கு வலது பெருவிரல். எனக்கு அப்போது கையெழுத்துப் போட வராது. எழுத்து எல்லாம் பிறகு வந்ததுதான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்திரம் பொய்ப் பத்திரமாகிவிடும், சித்தப்பா மனையைக் கேட்பார் என்று பயம். அண்ணி முகத்தைப் பார்த்தேன். அவள் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்துவிட்டேன்.

ஓலைக்காரர் பூதக்கண்ணாடிச் சில்லை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“பத்திரத்துல ஆம்பிளைக்கு இடக்கைதானே வைப்பா. இது வலக்கை மாதிரி இருக்கே. எனக்கு வலதுதான் வேணும், நல்லதாப் போச்சு. ரேகை தேஞ்சிருக்கு. உப்புத் தொழிலோ?”

“படகு சாமி” என்றார் மாமா.

“முன்னாடி உப்பு” என்றேன்.

அண்ணன் ஒருநாளும் உப்பளத்தில் இறங்கியதில்லை. நான்தான் பன்னிரண்டு வயதிலிருந்து உப்பு வாரினவன்.

கட்டை அவிழ்த்தார். ஏடு ஏடாகப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கேட்பார். பொருந்தினால் ஆமா, இல்லாவிட்டால் இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் நான். தகப்பன் இருக்கிறாரா? இல்லை. கூடப் பிறந்த பெண் உண்டா? இல்லை. உடனே அந்த ஏட்டைத் தள்ளிவிடுவார். இப்படியே போயிற்று. மாமா கொட்டாவி விட்டார்.

பிறகு ஓர் ஏட்டை எடுத்துப் பாட்டு மாதிரி படித்தார். அம்மா பெயரைச் சொன்னார். சரியாக இருந்தது. அப்பா பெயரைச் சொன்னார். அதுவும் சரி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தது, படித்திருக்கலாம். அம்மா பெயர் அதில் இல்லை.

“சின்ன வயசுல உயரத்துலேந்து விழுந்து வலது முட்டில வடு. உண்டா?”

பனைமரத்திலிருந்து விழுந்தது நான். வேட்டிக்குள்ளே முட்டியை மடக்கிக்கொண்டேன்.

“ஆமா.”

“ஜீவனம் உப்பு நீர் ஓரமா. தீர்க்காயுசு. அறுபது தாண்டும்.”

“அப்ப கீறான்!” என்றார் மாமா. “சாமி, உசுரோட கீறான்னு சொல்றீங்களா?”

“ஏடு அப்படித்தான் சொல்றது. பொறுங்கோ.” மறுபடி படித்தார். நிறுத்தினார். திரும்ப அதே வரியைப் படித்தார். “ஜாதகனுக்கு முன்னால பிறந்தவன் ஒருத்தன். அவனுக்கு நீரால பிரிவு. திரும்பல.”

“முன்னாடி பொறந்தவனா? இவன்தான் சாமி மூத்தவன். இவனுக்கு ஏது மூத்தவன்? சின்னவன் இதோ குந்திகினு கீறான், பாருங்க. நல்லா தின்னுட்டு கல்லு மாதிரி கீறான்.”

“அப்ப இந்த ஏடு இல்லை. கட்டி வச்சுடட்டுமா?”

ஓலைக்காரர் என்னைப் பார்த்தார். இல்லை என்றால் அந்த ஏடு போய்விடும். அடுத்த ஏட்டில் என்ன வருமோ. ஆமா என்றால் அண்ணன் உயிரோடு இருப்பான், அண்ணி இருப்பாள். ஆனால் ஏடு சொன்னது அண்ணனைப் பற்றி. என் ஏட்டில் எனக்கு முன்னால் பிறந்தவன் அவன்தானே. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்க என்னால் முடியவில்லை. காதில் கால்வாய்த் தண்ணீர்ச் சத்தம் மாதிரி ஒன்று.

“இருந்தான்” என்றேன். “முதல் புள்ள. அண்ணனுக்கு முன்னாடி. கிணத்துல வுழுந்து பூட்டான்.”

“எனக்கு யாரும் சொல்லலியே?” என்றார் மாமா.

“செத்த புள்ளய பத்தி யாரு மாமா சொல்வாங்க.”

“அப்ப ஆமாதானே?” என்றார் ஓலைக்காரர்.

“ஆமா.”

அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அண்ணிக்கு அது தெரியும். அவள் தலை குனிந்து பத்திரத்தை நான்காக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கல்யாணம், தொழில் எல்லாம் வேறு காண்டம், தனியாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அதெல்லாம் வாணாம் சாமி, ஆளு கீறான் இல்ல, அது போதும் என்று மாமா எழுந்துவிட்டார். சொன்ன வார்த்தைக்கு நின்றார். மகளை ஒன்றும் கேட்கவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறும்போது என் தோளைத் தட்டினார்.

“வந்துட்டான்னா ஒரு கடுதாசி போடு மாப்ளே. ஒத விடணும் அவன.”

நானும் அண்ணியும் மகாபலிபுரத்து ரோட்டில் நடந்தோம். சன்னதித் தெருவில் அவள் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கியிருந்தாள். அதைக் கையிலேயே வைத்திருந்தாள். ஊரைத் தாண்டினோம்.

“உன் முட்டிதானே அது” என்றாள்.

“இன்னாது?”

“நடிக்காத தம்பி. அன்னிக்கு அவரு காச்சல்ல என் பக்கத்துல படுத்துகினு இருந்தாரு. எழுந்து வந்து கை வெச்சாரா இன்னா?”

நின்றுவிட்டேன். “தெரிஞ்சேவா எட்த்தாந்தே?”

“நீ உசுரோட கீறே. உன் ரேகைய காட்டினா உசுரோட கீறான்னுதானே வரும். எங்க அப்பா வாய மூடிகினு போவாருன்னு நெனச்சேன்.” கொஞ்ச தூரம் நடந்தாள். “அவரைப் பத்தி அதுல வரும்னு நெனைக்கல.”

நானும் கூடவே நடந்தேன்.

“ஓலை மெய்யா தம்பி?”

“தெரியல அண்ணி.”

“உங்க அம்மா பேரு எப்படி வந்துது?”

“தெரியல.”

“முட்டி?”

“தெரியலன்னு சொல்றேன் இல்ல.”

“பொய்யின்னா எப்படி முட்டி தெரியும்? மெய்யின்னா…” அதோடு விட்டுவிட்டாள்.

பிறகு ஒன்று கேட்டாள். கிணத்துல பூட்டான்னு ஏன் சொன்னே, வேற இன்னா வேணா சொல்லியிருக்கலாமே என்றாள். வாயில் வந்தது என்றேன்.

சவுக்குத் தோப்பு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள். அழிந்திருந்த பொட்டின் மேலேயே புதிதாக வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாததால் கோணலாக இருந்தது. கோணலா கீது என்றேன். இருக்கட்டும் என்றாள்.

அதன் பிறகு நாங்கள் இதைப் பேசியதே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. அவள் அதே வீட்டில் அதே பொட்டோடு இருந்தாள். அவன் வருவான் என்று இருந்தாளா, வரமாட்டான் என்று தெரிந்தே இருந்தாளா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அண்ணன் வரவில்லை.

அவள் செத்த அன்று குளிப்பாட்டின பெண்கள் என்னிடம் வந்து, பொட்டு வைக்கலாமா கூடாதா என்று கேட்டார்கள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் மறுபடியும் நான். ஓலை எதிரில் உட்கார்ந்தது மாதிரியே இருந்தது.

வையுங்கள் என்றேன். நேராக வையுங்கள் என்றேன்.

தோப்பில் அவள் கோணலாக வைத்துக்கொண்ட நாளிலிருந்து எண்ணினால், இருபத்தொன்பது வருஷம்.